நாற்பத்திரண்டாவது குழு

அஹ்ஃபீர்,
3 ஏப்ரல் 2001

அன்புத் தங்கை யம்னாவுக்கு,

உன் வீட்டார் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும். பதினொரு நாள் தீவிர யோசனைக்குப் பிறகு, எவருடைய வற்புறுத்தலுக்கும் ஆளாகாமல், ஷேக் பூஜெம்ஆவின் பாட்டுக் குழுவுக்கு எட்டு வருடங்களாக நான் அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டுவிட்டேன் என்பதை முறைப்படி உனக்குத் தெரிவிக்கிறேன். முடிவு இன்று காலை முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. குழுவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் பெரிய பாதிப்பு இருக்காது என்பது என் மனைவியின் கருத்து.

காரணம், அவர்கள் கீபோர்டு வாங்கிவிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கைப்பறை, இன்னொன்றை அழுத்தினால் குழல், மூன்றாவதை அழுத்தினால் மழை பெய்யும் சத்தம். போன மாதக் கல்யாணத்தில் மூன்றாவது பொத்தான் தவறுதலாக அழுந்தி, விருந்தாளிகளில் பாதிப் பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடிய இடத்தில்தான் முடிவெடுத்தேன்.

இனி முக்கியமான செய்தி. பெர்கான் சாலையில் என் மோட்டார் சைக்கிள் பஞ்சரானது. ஒட்டுவதற்கு ஆளில்லை. டயர்க் கடைக்காரர் பின்கட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். நான்கு பேர். கடைக்காரர் மிமூன் கைப்பறை அடித்துப் பாடுகிறார், பாட்டுக்கு நடுவே விருந்தாளிகளின் பேர் கூவுவதும் அவரே. கொத்தனார் சகோதரர்கள் இருவர் மற்ற பறைகள். குழல் ஊதுவது தைபி என்ற முட்டை வியாபாரி. யம்னா, அந்தக் குழலைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். நீயே கேட்டுச் சொல்ல வேண்டும்.

"உங்க குழுவுக்குப் பேர் என்னப்பா?" என்று கேட்டேன்.

"பேரா? 'ஏய் டயர்க் கடை'ன்னு கூப்பிடுவாங்க, போயிடுவோம்" என்றார் மிமூன்.

இதுவரை இரண்டு சுன்னத்துக் கல்யாணம், ஒரு செருப்புக் கடைத் திறப்பு விழா. வேறு யாருக்கும் இவர்களைத் தெரியாது. நீயும் யாரிடமும் சொல்லாதே. ஒரு குழுவை முதலில் கண்டுபிடித்தவனுக்கு இவ்வுலகில் கிடைக்கும் ஒரே சன்மானம், இரண்டாவது ஆள் வரும்வரை கிடைக்கும் அவகாசம்தான்.

என் நோட்டில் நாற்பத்தொரு குழுக்கள் இருக்கின்றன. நீ கேட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் ஒன்றும் ஏறியதில்லை. சிறு வயதிலேயே சமையற்கட்டில் மாவு பிசைந்துகொண்டே, எந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் யார் பறை என்று சொன்னவள் நீ. நான் நடந்து நடந்து குழு தேடுகிறவன். காது உன்னுடையது. நம் இரண்டு நாடுகளும் எல்லையை மூடியதிலிருந்து இந்த ஏழு வருடமாக நோட்டு நாற்பத்தொன்றிலேயே நிற்கிறது.

அதனால் ஒரு யோசனை. கீஸ் ஆற்றங்கரையில் உங்கள் சாலையும் எங்கள் சாலையும் நெருங்கும் வளைவு உனக்குத் தெரியும். இரு பக்கத்துக் குடும்பங்களும் நின்று கையசைத்துக்கொள்கிற இடம். அகலம் நாற்பது அடி வைக்கும் தூரம். ஆறு என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. கோடையில் ஆடுகள் கால் நனையாமல் கடக்கின்றன. ஆடுகள் மட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு குழுவை அங்கே கூட்டிவருகிறேன். நீ அக்கரைக்கு வா.

விமானத்தில் வரலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். என் நுரையீரலுக்கு விமானம் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மற்றபடி உடம்பு நலம். மைத்துனர் லக்தரின் கை கால் அசைவு எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்,
பென்யூனெஸ்


பாப் அல்அஸ்ஸா,
24 ஏப்ரல் 2001

அண்ணாவுக்கு ஸலாம்.

உன் கடிதம் பத்தொன்பது நாளில் வந்தது. காசாபிளாங்கா போய், விமானம் ஏறி, அல்ஜியர்ஸ் இறங்கி, திலெம்சான் வழியாக வந்திருக்கிறது. என் மாடியில் துணி உலர்த்தும்போது உங்கள் ஊர்க் குன்று தெரிகிறது. கடிதத்தை நீ எழுதிய அன்றே நான் எட்டிப் பார்த்திருந்தால் படித்திருக்கலாம்.

இங்கே லக்தர் அப்படியேதான் இருக்கிறார். இடது கை கொஞ்சம் அசைகிறது. அவரை நான்கு மணி நேரத்துக்கு மேல் விட்டு வர முடியாது. ஆனால் மகள் நூரியாவின் கணவர் ரொட்டி வண்டியைத் தருகிறேன் என்கிறார். மே 25 வெள்ளிக்கிழமை வருகிறோம். ரொட்டி வாசனையோடு வருகிறவள் நான்தான் என்று அடையாளம் வைத்துக்கொள்.

நீ "கண்டுபிடித்த" குழுக்களை நானும் மறக்கவில்லை. பதினேழாவது குழுவின் பாடகருக்குத் திக்குவாய். இருபத்தெட்டாவது குழு பாதிக் கச்சேரியில் சாப்பிடப் போய் திரும்பி வரவேயில்லை. அப்போதும் நீ மூன்று வருடம் அவர்கள் பின்னால் அலைந்தாய்.

ஒரு விஷயம். பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு இனிமேல் கூப்பிடாதே. கம்பியில் ஒரே இரைச்சல். போன தடவை நீ ஏதோ சொல்ல நான் ஏதோ பதில் சொன்னேன், உனக்கும் வருத்தமாக இருந்திருக்கும். கடிதமே நல்லது. கடிதத்தில் நீ இருமுவதும் இல்லை.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்.

யம்னா


அஹ்ஃபீர்,
26 மே 2001

அன்புத் தங்கைக்கு,

சாந்தியும் அருளும் உன் வீட்டில் நிறையட்டும். நேற்று உன்னைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய், அல்லது ரொட்டி வண்டி பெரியதாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. பறைகளை இறக்கியதும் சிப்பாய் ஒருவன் வந்துவிட்டான்.

"என்ன ஹாஜி, ஊர்வலமா?"

நான் இன்னும் ஹஜ் போனதில்லை. ஆனாலும் சீருடை போட்டவர் கொடுக்கும் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. "இல்ல மகனே, பாட்டு" என்றேன்.

"அந்தப் பக்கத்துக்காரங்களுக்கா வாசிக்கிறீங்க?"

"காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கத்துக்கு."

"மேலதிகாரி கேட்டா நான் என்னான்னு சொல்ல?"

மிமூன் குறுக்கே வந்தார். "டயர் பஞ்சர்னு சொல்லு தம்பி. நாங்க எங்க போனாலும் அதுக்குத்தான் போறோம்."

சிப்பாய் சிரித்துவிட்டான். பிறகு கடைசிவரை தாளம் போட்டுக்கொண்டு நின்றான். ஒரு தாளம்கூடச் சரியில்லை.

மூன்றாவது பாட்டில் பறையை நிறுத்தி மிமூன் பேர் கூவினார் அல்லவா? ஊர் வழக்கப்படி பெண்பிள்ளையின் பேரைச் சொல்லாமல், "இந்தச் சுற்று பென்யூனெஸோட தங்கச்சிக்கு! ரொட்டி வண்டிக்குப் பக்கத்துல நிக்கிற மகராசிக்கு!" என்று. நீ முக்காட்டுத் துணியின் முனையைத் தூக்கிக் காட்ட வேண்டும், உடனே பறை தொடங்கும். நீ தூக்கவில்லை. மிமூன் கையை ஓங்கியபடி காத்துக்கொண்டிருந்தார். நூரியா உன் கையைத் தொட்டாள், அப்புறம் தூக்கினாய். இருவரும் ஏதோ பேச்சில் இருந்தீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை. ஆனால் தூக்கியதும் எனக்கு இங்கே சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்துவிட்டன.

நாற்பத்திரண்டு என்ற எண்ணை எழுதி, எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன். உன் தீர்ப்பு வந்ததும் எழுதுவேன். குறிப்பாகக் குழலைப் பற்றி.

லக்தருக்கு உடம்பு தேறப் பிரார்த்திக்கும்,
பென்யூனெஸ்


பாப் அல்அஸ்ஸா,
17 ஜூன் 2001

அண்ணாவுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் ஸலாம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, லக்தரை மாலையில் முற்றத்தில் உட்கார வைக்கிறோம்.

குழு மிகவும் நன்றாக இருந்தது. மிமூன் அடிப்பது மணிக்கட்டில் இல்லை, தோளில் இருக்கிறது. அந்தத் தோள் இறங்கும்போது நெஞ்சுக்குழியில் வந்து விழுகிறது. அவர் போட்டிருந்த கறுப்பு அரைக்கோட்டின் இரண்டாவது பொத்தான் வேறு நிறம். யாரோ அவசரத்தில் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொத்தனார்களில் மூத்தவன் தம்பியைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறான், பார்க்காமல் அடித்தால் இன்னும் நன்றாக வரும். தைபிக்குக் கன்னம் இரண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பியிருந்தன. நல்ல பிள்ளை முகம்.

துணி தூக்கத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். காற்று எதிர்த்து அடித்தது.

எங்கள் பக்கத்துச் சிப்பாயும் உங்கள் குழுவின் பேரைக் கேட்டான். "டயர்க் கடை" என்று நூரியா சொன்னாள். அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். உன்னைப் போல ஒருவன் இந்தப் பக்கமும் இருக்கிறான் பார்.

மாத்திரைகளை நேரத்துக்குப் போடு.

யம்னா


அஹ்ஃபீர்,
9 ஜூலை 2001

தங்கைக்கு,

அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம், குழு சுகமில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொத்தானைப் பற்றி இரண்டு வரி. கன்னத்தைப் பற்றி ஒரு வரி. குழலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இத்தனை வருடத்தில் உனக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றி நீ வாயைத் திறக்காமல் விடுவது எனக்குத் தெரியாதா? விமர்சகன் உண்மையை மறைக்கக் கூடாது என்பதால் நேராக முட்டைக் கடைக்குப் போனேன்.

"தைபி, என் தங்கச்சி எழுதியிருக்கா. மிமூனோட பொத்தானை எல்லாம் எழுதியிருக்கா. உன் குழலைப் பத்தி ஒண்ணுமே எழுதல."

"என்னைப் பத்தி எதுவுமேயா ஹாஜி?"

"கன்னத்தைப் பத்தி எழுதியிருக்கா."

"கன்னம் நல்லா இருக்காமா?"

"உப்பியிருக்காம்."

அவன் ஒரு முட்டையைத் துடைத்து அடுக்கினான். இன்னொன்றையும் துடைத்து அடுக்கினான். "அப்ப நான் முட்டையே விக்கிறேன், விடுங்க" என்றான். அன்றிலிருந்து ஒத்திகைக்கு வரவில்லை. மிமூன் என்னோடு பேசுவதில்லை. என் மோட்டார் சைக்கிள் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, அதைக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

இதற்கு நடுவில் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. மிமூன் பேர் கூவி நீ துணி தூக்கியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். ஒருவனுக்கு அக்கரையில் அக்கா, இன்னொருவனுக்கு மாமனார், கூவச் சொல்லி நிற்கிறார்கள். போன வாரம் எழுபது பேர். புதினா டீ விற்க ஒருவன் வந்துவிட்டான், பொரித்த மத்தி விற்க ஒருவன். இவர்கள் யாரும் பாட்டுக்காக வரவில்லை யம்னா, சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறார்கள். இப்படிப்பட்ட நோக்கத்தோடு ஒரு குழுவின் பின்னால் வருகிறவர்களை நான் எப்படி மதிப்பது?

வருத்தத்துடன்,
பென்யூனெஸ்


பாப் அல்அஸ்ஸா,
2 ஆகஸ்ட் 2001

அண்ணாவுக்கு ஸலாம்.

தைபியிடம் போய் மன்னிப்புக் கேள். அவன் மேல் தப்பில்லை. எழுத மறந்தது நான். வயதாகிறது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு, "மாமா மட்டும் வேறு எந்த நோக்கத்தோடும் வராதவர் பாருங்க" என்று நூரியா சிரித்தாள்.

செப்டம்பர் 7 வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒன்று செய். கூட்டத்தைக் குழுவுக்குப் பின்னால் நிறுத்து. நம் ஆட்களில் நான்கு பேரை முன்னால் நின்று நம் ஊர் அலவி ஆட்டம் ஆடச் சொல். தோளும் காலும் எனக்குத் தெரிய வேண்டும். வெறும் பாட்டை விட ஆட்டத்தோடு இருந்தால் நன்றாக இருக்கும்.

லக்தர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இப்போது உன் பேரைத் தெளிவாகச் சொல்கிறாராம்.

யம்னா


பாப் அல்அஸ்ஸா,
8 செப்டம்பர் 2001

அண்ணாவுக்கு,

ஸலாம். நேற்று வந்து சேர்ந்ததும் உட்கார்ந்து எழுத நினைத்தேன், லக்தருக்கு உணவு கொடுத்து முடிக்க நேரமாகிவிட்டது. இந்தத் தடவை குழலைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன், உன் நோட்டுக்குத் தேவையான அளவுக்கு.

தைபி பெரிய கலைஞன். இரண்டாவது பாட்டில் குழலை மேலே தூக்கி, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க ஒரே மூச்சில் நின்றானே, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் வாயில் கை வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு நீளமான மூச்சை நான் கேட்டதில்லை. அந்த இனிமை ஆற்றைத் தாண்டி வந்து காதில் விழுந்தது. நம் அப்பாவின் கல்யாணத்தில் வாசித்தவர்களைப் பற்றி ஊரில் சொல்வார்களே, அவர்கள்கூட இப்படி ஊதியிருக்க மாட்டார்கள்.

இதை அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டு. நாற்பத்திரண்டுக்கு எதிரே தைரியமாக எழுதிக்கொள்.

ஆடினவர்களில் இடது ஓரத்துக்காரன் ஒரு மிதி பிந்துகிறான். மற்ற மூவரும் அருமை.

யம்னா


அஹ்ஃபீர்,
29 செப்டம்பர் 2001

அன்பு மகள் நூரியாவுக்கு,

உனக்கும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சாந்தி உண்டாகட்டும். உன் அம்மா பார்க்கக் கூடாது என்பதற்காகப் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் ஏழாம் தேதி நாங்கள் ஆற்றுக்கு வரும் வழியில் மிமூனின் ஜாக்கி உருண்டு தைபியின் குழல் மேல் விழுந்தது. நீளவாக்கில் பிளந்துவிட்டது. மாற்றுக் குழல் இல்லை. அவனை வண்டியிலேயே இருக்கச் சொன்னோம். "அந்தம்மா முன்னாடி இந்தத் தடவை வெறுங்கையோட நிக்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்து, பிளந்த குழலை வாயில் வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பி நின்றான். அன்று முழுவதும் அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உன் பக்கத்தில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தது சிரிப்பை அடக்கத்தான். உன் அம்மா முதல் நொடியிலேயே பிடித்துக் கிண்டலடித்து எழுதுவாள் என்று நாங்கள் நான்கு பேரும் பந்தயம் வைத்துக் காத்திருந்தோம்.

அவள் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை இதன் பின்புறம் பிரதி எடுத்திருக்கிறேன். படித்துப் பார்.

அவளுக்கு என்ன ஆயிற்று?

உன் மாமா


பாப் அல்அஸ்ஸா,
21 அக்டோபர் 2001

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

ஸலாம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன், அதை இப்போது மீறுகிறேன்.

அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. இரண்டரை வருடமாகிறது. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. குருவி, கொதிக்கும் கெட்டில், வாசல் மணி. உங்கள் குழு முதலில் வந்தபோது குழல் அவருக்குக் கேட்கவில்லை, பறை கொஞ்சம் கேட்டது. கோடை முடிவதற்குள் அதுவும் போய்விட்டது. இப்போது தரை அதிர்ந்தால் காலில் தெரிகிறது, அவ்வளவுதான். திலெம்சானில் இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். கருவி வைத்தும் பயனில்லை என்றார்கள். நான் சொல்வதை வாயசைவில் தெரிந்துகொள்கிறார். அப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் அவர் பேசுவதை நான்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரையில் உங்கள் குழு பேர் கூவும்போது நான் அவர் கையை அழுத்துவேன், அவர் துணியைத் தூக்குவார். முதல் தடவை நானே பாட்டில் மயங்கி அழுத்த மறந்துவிட்டேன்.

"மாமாகிட்ட சொல்லிடலாம்மா" என்று பல தடவை கேட்டுவிட்டேன். "வேணாண்டி. அவன் வாழ்க்கை பூரா நடந்து நடந்து தேடினது எங்கிட்ட கொண்டுவந்து கொடுக்கத்தான். அவனுக்கு இருக்கிறது ஒரே காது, அது நான்தான். அதுவும் போயிடுச்சுன்னா அவன் யாருக்காகத் தேடுவான்?" என்பார். போன கடிதத்தை எழுதும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, காட்டவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனால் மாமா, ஆட்டம் அவருக்குத் தெரிகிறது. நான்கு பேர் தோளை வைத்தே எந்தப் பாட்டு, எந்த இடத்தில் மாறுகிறது என்று எனக்குச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தார். அது அன்று வாசித்த அதே பாட்டு. நாற்பது அடிக்கு அப்பால் நான்கு பேர் என்பது கொஞ்சம், அவ்வளவுதான்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் மருமகள்,
நூரியா


அஹ்ஃபீர்,
12 நவம்பர் 2001

அன்புத் தங்கை யம்னாவுக்கு,

வரப்போகும் ரமளானின் அருள் உன் வீட்டில் இறங்கட்டும். உன் தீர்ப்பைத் தைபிக்குப் படித்துக் காட்டினேன். கடையை மூடிவிட்டு வெளியே போய் நின்றான்.

இப்போது ஒரு முக்கிய அறிவிப்பு. நீண்ட யோசனைக்குப் பிறகு, முழுக்க முழுக்கக் கலைக் காரணங்களுக்காக, குழுவில் சில சீர்திருத்தங்கள் செய்திருக்கிறேன்.

ஒன்று, குழல் இனி முக்கியமில்லை. தைபி குழலை வைத்துவிட்டு ஆட்டத்துக்குத் தலைமை ஏற்கிறான். அவன் தோள் அவன் குழலை விட நன்றாகப் பாடுகிறது என்பதைத் தாமதமாகக் கண்டுகொண்டோம். பறை அடிக்கிற மூவரும் மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டிக்கொள்வார்கள். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வெள்ளை ஜல்லாபா அங்கி. பேர் கூவும்போது மிமூன் கூடவே ஒரு துணியையும் உயர்த்திக் காட்டுவார். கொடி வேண்டாம் என்று சிப்பாய் சொல்லிவிட்டான், அதனால் தலையணை உறை. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பதை அவனும் ஒப்புக்கொண்டான்.

நான்கு பேர் ஆடியது கலை நோக்கில் போதவில்லை. ஐம்பது பேர் வேண்டும். ஐம்பது பேர் ஒரே மிதியாக மிதித்தால் அக்கரையில் நிற்கிறவர்களுக்குத் தரையிலும் தெரியும் என்கிறார் மிமூன். ஆகவே யாரிடமும் சொல்லாதே என்று ஏப்ரலில் நான் எழுதிய உத்தரவு ரத்தாகிறது. காபிக் கடைகள், சந்தை, பேருந்து நிலையம் எங்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பெர்கானிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். எழுபது பேர் வந்ததற்கு முகம் சுளித்தவன் இப்போது ஆள் பிடிக்கிறான் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"இவ்வளவு கூட்டம் எதுக்கு ஹாஜி? மேல ஏதாச்சும் சொல்லப் போறாங்க" என்றான் சிப்பாய்.

"நல்லா தெரியறதுக்கு மகனே" என்றேன்.

பெருநாளுக்குப் பிறகு, டிசம்பர் 28 வெள்ளிக்கிழமை. முன்வரிசையில் நில். ரொட்டி வண்டியை உனக்குப் பின்னால் நிறுத்தச் சொல், இங்கிருந்து உன்னை அடையாளம் காண வசதி. மாற்றங்களைப் பற்றி உன் கருத்து தேவை. நாற்பத்திரண்டுக்கு எதிரே இடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பென்யூனெஸ்


பாப் அல்அஸ்ஸா,
3 டிசம்பர் 2001

அண்ணாவுக்கு,

நோன்பு நல்லபடியாகப் போகிறது. உன் மருத்துவர் நோன்பு வேண்டாம் என்று சொல்லியிருப்பார், நீ பிடித்துக்கொண்டிருப்பாய். இருமலோடு பிடிக்காதே.

கலைக் காரணங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. இரண்டு நாளாக அந்தக் கடிதத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நூரியாவை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

புது முக்காட்டுத் துணி ஒன்று வாங்கியிருக்கிறேன், மஞ்சள். தூரத்தில் தெரியும் என்று கடைக்காரன் சொன்னான். இந்தத் தடவை யாரும் கையைத் தொடாமலேயே தூக்குவேன். தலையணை உறையைப் பார்த்துத் தூக்குவேன். மிமூன் காத்திருக்க வேண்டியதில்லை.

இடது ஓரத்துக்காரனை நடுவில் போடு. நடுவில் இருந்தால் பிந்த மாட்டான்.

போன வாரம் வளைவுப் பக்கம் லாரிகள் இரும்புக் கம்பங்களை இறக்குவதை ரொட்டி கொடுக்கப் போன மருமகன் பார்த்திருக்கிறார். சாலை வேலையாக இருக்கும் என்கிறார். 28ஆம் தேதிக்குள் முடித்துவிட்டால் நல்லது, லாரிகள் மறைக்காது.

லக்தரையும் கூட்டிவரப் பார்க்கிறேன். மெத்தையை வண்டியில் போட்டால் போதும்.

உன் யம்னா


அஹ்ஃபீர்,
29 டிசம்பர் 2001

தங்கை யம்னாவுக்கு,

உனக்கும், லக்தருக்கும், நூரியாவுக்கும், மருமகனுக்கும் சாந்தி உண்டாகட்டும். பெருநாள் நன்றாகக் கழிந்திருக்கும். என் இருமல் பரவாயில்லை. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது.

நீ எழுதிய அந்தக் கம்பங்களில் ஏற்றிய தகரச் சுவர் புதன்கிழமை முடிந்துவிட்டது. வளைவின் நீளம் முழுவதும் வருகிறது. உயரம் மூன்று மீட்டர். எந்தப் பக்கம் கட்டியது என்று கேட்டால் இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகின்றன. சிப்பாயிடம் கேட்டேன்.

"கூட்டம் அதிகமாயிடுச்சு ஹாஜி. மேலேர்ந்து உத்தரவு. பார்க்கிறதுக்குத்தான் தடை, பாடறதுக்கு ஒண்ணும் சொல்லல. தாராளமா பாடுங்க."

ஐம்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. இடது ஓரத்துக்காரனை நடுவில் போட்டோம், பிந்தவில்லை. உங்கள் வண்டியின் ஹாரன் கேட்டது. மூன்று முறை அடித்தீர்கள். மிமூன் தலையணை உறையை ஒரு கம்பில் கட்டித் தூக்கிப் பார்த்தார், கம்பு எட்டவில்லை. ஐம்பத்திரண்டு பேரும் ஆடினார்கள். எங்கள் பக்கம் தரை நன்றாக அதிர்ந்தது. ஆட வந்த தைபி புதுக் குழலை எடுத்து ஊதினான். மிமூன் உனக்காகப் பேர் கூவிவிட்டு, கையை ஓங்கியபடி நெடுநேரம் நின்றார். பிறகு அடித்தார்.

முடிந்ததும், எல்லாம் மிகத் தெளிவாகக் கேட்டது, குறிப்பாகக் குழல் என்று உங்கள் பக்கத்துச் சிப்பாய் சுவருக்கு அப்பாலிருந்து கத்திச் சொன்னான்.